எழும்பூரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை: குழந்தைகளோடு எதைப் பார்ப்பது, எதை விட்டுவிடுவது

குரோம்பேட்டையிலிருந்து ஒரு தாய் கேட்டிருக்கிறார். ஐந்து வயதுப் பையன், பத்து வயதுப் பெண், முழங்கால் வலி உள்ள மாமியார் ஆகியோரை அழைத்துக்கொண்டு, ஒரு ஞாயிற்றுக்கிழமை சென்னை எழும்பூரில் உள்ள குழந்தைகள் அருங்காட்சியகத்துக்குக் குடும்பமாகப் போகலாம் என்று நினைக்கிறார்கள். "அது அரை மணி நேரத்தில் முடிந்துவிடும், அதற்காக ஒரு நாளைச் செலவழிக்க வேண்டுமா?" என்று தெரிந்தவர்கள் சொல்கிறார்களாம். போவது பயனுள்ளதா, போனால் எப்படிப் பார்ப்பது என்பது அவருடைய கேள்வி.

அவசியம் போங்கள். அரை மணி நேரத்தில் முடிந்துவிடும் என்பதும் உண்மைதான். ஆனால் அந்தக் கணக்கு, குழந்தைகள் அருங்காட்சியகம் என்று பெயர் எழுதிய ஒரு கட்டடத்துக்கு மட்டுமே பொருந்தும். அது 1851-இல் தொடங்கப்பட்ட அரசு அருங்காட்சியக வளாகத்தின் ஒரு பகுதி. இந்தியாவின் மிகப் பழமையான அருங்காட்சியகங்களில் கொல்கத்தாவுக்கு அடுத்த இடம் இதற்குத்தான். நான் ஆசிரியராக இருந்த காலத்தில் ஆண்டுக்கு இரண்டு முறையாவது மாணவர்களை அங்கே அழைத்துப் போயிருக்கிறேன். அந்த அனுபவத்தில் எனக்கு உறுதியாகத் தெரிந்தது ஒன்று: அந்த வளாகம் முழுவதையும் காட்டிவிட வேண்டும் என்று நினைத்துப் போகிறவர்களின் பிள்ளைகள் எதையும் பார்க்காமலே திரும்புகிறார்கள். நான்கு பொருள்களைத் தேர்ந்துகொண்டு, ஒவ்வொன்றின் முன்னும் பிள்ளையின் கைக்கும் உடம்புக்கும் ஏதாவது ஒரு வேலை கொடுங்கள். மற்றவை அடுத்த முறைக்கு இருக்கட்டும்.

உங்கள் மாமியார் சென்னையில் வளர்ந்தவர் என்றால், "செத்த காலேஜ்" என்றாலே எந்த இடம் என்று அவருக்குத் தெரிந்திருக்கும். இந்த அருங்காட்சியகம் முதலில் புனித ஜார்ஜ் கோட்டைக் கல்லூரியின் கட்டடத்தில் தொடங்கியதால் "காலேஜ்" என்ற பெயர் ஒட்டிக்கொண்டது. பாடம் செய்யப்பட்ட விலங்குகள் இருந்ததால் "செத்த" என்பதும் சேர்ந்துகொண்டது. முதல் பொறுப்பாளராக இருந்த எட்வர்ட் பால்ஃபர் என்ற மருத்துவர், எழும்பூருக்கு இடம் மாறிய பிறகு, இதே வளாகத்தில் உயிருள்ள விலங்குகளையும் வைத்துக் காட்டினார். அவற்றைப் பார்க்கத்தான் கூட்டம் வந்தது. அதிலிருந்து 1855-இல் உருவான விலங்குக் காட்சிசாலையை மக்கள் "உயிர் காலேஜ்" என்றார்கள். அது பின்னாளில் பீப்பிள்ஸ் பார்க் என்ற பூங்காவுக்குப் போய், 1985-இல் வண்டலூரில் குடியேறியது. இந்தக் கதையை அவரே பேரப்பிள்ளைகளுக்கு ரயிலில் சொல்லட்டும். வண்டலூரைப் பார்த்த பிள்ளைகளுக்கு, அதன் பிறந்த வீட்டுக்குத்தான் இப்போது போகிறோம் என்பது ஒரு தனி ஆர்வத்தைத் தரும்.

இங்கே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். உலகின் முதல் குழந்தைகள் அருங்காட்சியகம் 1899-இல் நியூயார்க்கின் புரூக்ளினில் திறக்கப்பட்டது. பாஸ்டன் குழந்தைகள் அருங்காட்சியகத்துக்கு 1962-இல் இயக்குநராக வந்த மைக்கேல் ஸ்பாக், கண்ணாடிப் பெட்டிகளிலிருந்து பொருள்களை வெளியே எடுத்து, "தொடாதே" என்ற எச்சரிக்கையையும் நீக்கினார். அவர் எழுத்துகளைப் படிப்பதில் இடர்ப்பாட்டோடு வளர்ந்தவர். பொருளைக் கையில் எடுத்தால்தான் அறிவு ஏறும் பிள்ளைகளின் நிலை அவருக்குச் சொந்த அனுபவம். குழந்தையின் கையும் அறிவும் சேர்ந்தே வளர்கின்றன என்பதைத் தம் கல்வி முறையின் அடிப்படையாக வைத்த மரியா மாண்டிசோரி, 1939-இல் நம் அடையாற்றுக்கே வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி அளித்தார். எழும்பூரில் நீங்கள் காணப்போவது பெரும்பாலும் கண்ணாடிக்குப் பின்னால் இருக்கும் பொருள்கள். அவற்றைத் தொட முடியாது, தொடவும் கூடாது. ஆகவே அங்கே இல்லாத கைவேலையை நாம்தான் கொண்டுபோக வேண்டும். அது ஒன்றும் கடினம் இல்லை.

மின்சார ரயிலில் போங்கள். உங்கள் சுற்றுலா எழும்பூரில் தொடங்குவதில்லை, குரோம்பேட்டைக்கு அடுத்த நிறுத்தமான பல்லாவரத்திலேயே தொடங்குகிறது. 1863 மே 30 அன்று, இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையில் பணியாற்றிய ராபர்ட் புரூஸ் ஃபூட் என்பவர், பல்லாவரத்தில் சரளைக் கற்களுக்கு நடுவே கையால் செதுக்கப்பட்ட ஒரு கல்லைக் கண்டெடுத்தார். அது ஒரு கற்கோடரி. இந்த நாட்டில் பழைய கற்கால மனிதன் வாழ்ந்தான் என்பதற்கு அடையாளம் கண்டுகொள்ளப்பட்ட முதல் சான்று அதுதான். அதே ஆண்டில் பூண்டிக்கு அருகே அத்திரம்பாக்கத்தில் அவரும் அவருடைய சக அலுவலர் வில்லியம் கிங்கும் இன்னும் ஏராளமான கருவிகளைக் கண்டார்கள். அங்கே கிடைக்கும் கற்கருவிகளில் மிகப் பழையவை ஏறத்தாழ 15 லட்சம் ஆண்டுப் பழமை உடையவை என்று பிற்கால ஆய்வு சொல்கிறது. ஃபூட் சேர்த்த தொகுப்பு பின்னர் எழும்பூர் அருங்காட்சியகத்துக்கு வந்து சேர்ந்தது. பல்லாவரம் நிலையத்தில் வண்டி நிற்கும்போது, "இந்த ஊரில் கிடைத்த கல்லைப் பற்றி அங்கே பார்ப்போம்" என்று ஒரு வார்த்தை சொல்லிவையுங்கள். பிள்ளைகளுக்கு அது போதும், தேட ஆரம்பித்துவிடுவார்கள்.

வளாகத்துக்குள் நுழைந்ததும் முதலில் குழந்தைகள் அருங்காட்சியகத்துக்கே போய்விடுங்கள். அதன் வாசலில் நிற்கும் டைனோசர் உருவங்களைத் தாண்டி உங்கள் பையன் வேறு எங்கும் வரமாட்டான். அவன் ஆசை தீரப் பார்க்கட்டும். அந்த நேரத்தில் மகளுக்கு ஒரு கணக்குப் போடுங்கள். முதுகில் தகடுகள் வரிசையாக நிற்கும் ஸ்டெகோசாரஸ் வாழ்ந்தது ஏறத்தாழ 15 கோடி ஆண்டுகளுக்கு முன்பு. டைரனோசாரஸ் மறைந்தது ஏறத்தாழ 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன்பு. அப்படியானால் டைரனோசாரஸ் யாருக்கு அருகில் இருக்கிறது, ஸ்டெகோசாரஸுக்கா, நமக்கா? நமக்குத்தான். பத்து வயதுப் பிள்ளைகள் இந்த விடையை முதலில் நம்புவதில்லை. தரையில் அடி வைத்துக் காட்டுங்கள்: ஒரு அடிக்கு ஒரு கோடி ஆண்டு என்று வைத்து, நிற்கும் இடத்திலிருந்து ஏழு அடி நடந்தால் டைரனோசாரஸ் முடிந்த காலம், இன்னும் எட்டு அடி நடந்தால் ஸ்டெகோசாரஸ். டைரனோசாரஸ் காலத்துக்குச் சற்று முன்பு நம் அரியலூர்ப் பகுதி கடலுக்கு அடியில் இருந்தது என்பதையும் அப்போது சொல்லலாம். இன்று அங்கே சிமென்ட் ஆலைகளுக்கு வெட்டி எடுக்கும் சுண்ணாம்புக் கல்லில் கடல் உயிர்களின் ஓடுகள் பதிந்திருப்பது அதனால்தான்.

உள்ளே பழைய நாகரிகங்களையும் பல பகுதி மக்களின் உடைகளையும் பொம்மைகள் வழியாகக் காட்டியிருக்கிறார்கள். இந்த இடத்தை உங்கள் மாமியார் பொறுப்பில் விடுவதே நல்லது. கொலு வைத்துப் பழகிய கண்ணுக்குப் பொம்மையின் உடையும் தலைமுடியும் நகையும் நமக்குத் தெரிவதைவிட அதிகமாகத் தெரியும். ஒருமுறை எங்கள் வகுப்போடு துணைக்கு வந்த ஒரு பாட்டி, ஒரு பொம்மையின் புடவைக் கட்டைப் பார்த்துவிட்டு, தம் ஊரில் கொசுவம் எந்தப் பக்கம் வரும் என்று துண்டை இடுப்பில் சுற்றிக் காட்டினார். பிள்ளைகள் அங்கேயே துண்டைக் கேட்டு வாங்கிச் சுற்றிப் பார்த்தார்கள். அந்தக் கட்டடத்தில் அரை மணி நேரம் இருந்தால் போதும்.

அடுத்தது, நான் யாரையும் விடாமல் பார்க்கச் சொல்லும் பொருள், அமராவதிச் சிற்பங்களில் உள்ள நளகிரி வட்டம். ஆந்திரத்தில் கிருஷ்ணை ஆற்றங்கரையில் இருந்த அமராவதி பௌத்தத் தூபியைச் சுற்றியிருந்த வெளிர் நிறச் சுண்ணாம்புக் கற்கள் இவை. ஒரு பகுதி சென்னையிலும் ஒரு பகுதி லண்டனிலும் இருக்கின்றன. புத்தரைக் கொல்வதற்காக மதம் பிடித்த யானையை ஏவிவிட்ட கதை அந்த வட்டத்துக்குள் செதுக்கப்பட்டிருக்கிறது. கதையை முதலில் சொல்லாதீர்கள். பிள்ளையை முன்னால் நிறுத்தி, "இதில் எத்தனை யானை இருக்கிறது?" என்று மட்டும் கேளுங்கள்.

பல ஆண்டுகளுக்கு முன்பு ஒன்பது வயதுச் சிறுமி ஒருத்தியிடம் இதைக் கேட்டேன். இரண்டு என்று உடனே சொன்னாள். ஒன்று தெருவில் ஆட்களை மிதித்துக்கொண்டு பாய்கிறது. மற்றொன்று முட்டி மடக்கிப் பணிந்து கிடக்கிறது. சிறிது நேரம் மூக்கைக் கண்ணாடிக்கு ஒட்டுவதுபோல் கொண்டுபோய்ப் பார்த்துக்கொண்டிருந்தவள், "சார், ரெண்டும் ஒரே யானைதானே? இங்க கோபமா இருக்கு, அங்க போனதும் அடங்கிடுச்சு" என்றாள். கல்லில் காலத்தைக் காட்டும் உத்தி அதுதான்: ஒரே சட்டத்துக்குள் முன்னால் நடந்ததும் பின்னால் நடந்ததும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கின்றன. ஏறத்தாழ 1,800 ஆண்டுகளுக்கு முன்பு செதுக்கியவர் சொல்ல வந்ததை அவள் யாரும் சொல்லித்தராமல் படித்துவிட்டாள். அதன் பிறகு அவளை நகர்த்த முடியவில்லை. மாடத்திலிருந்து எட்டிப் பார்க்கிறவர்கள், பயந்துபோய் அருகில் நிற்பவரைப் பற்றிக்கொள்ளும் பெண் என்று ஒவ்வொருவராகக் கண்டுபிடித்துக்கொண்டே இருந்தாள். உங்கள் மகள் அங்கே நின்றுவிட்டால் "வா, நேரமாகிறது" என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். அந்த நாளில் அதைவிட முக்கியமான வேலை வேறு எதுவும் உங்களுக்கு இல்லை. ஒரு படம் வரையும் புத்தகமும் பென்சிலும் கொண்டுபோயிருந்தால் அவள் அந்தப் பாயும் யானையை மட்டும் வரைந்து பார்க்கட்டும். வரையும்போதுதான் தும்பிக்கை எந்தப் பக்கம் சுழன்றிருக்கிறது என்பதைக் கண் கவனிக்கிறது.

செப்புத் திருமேனிகளின் கூடம் மூன்றாவது. திருவாலங்காட்டு நடராசரும் திருவெண்காட்டு அர்த்தநாரீசுவரரும் இங்கேதான் இருக்கிறார்கள். நடராசர் முன்னால் பையனை அதேபோல் நிற்கச் சொல்லுங்கள்: வலது கால் ஊன்றியிருக்க வேண்டும், சற்று மடங்கியும் இருக்க வேண்டும், இடது கால் குறுக்கே உயர வேண்டும். ஐந்து நொடிக்குள் தடுமாறிவிடுவான். தடுமாறிய பிறகு மறுபடியும் சிலையைப் பார்க்கச் சொன்னால், இத்தனை எடையை ஒற்றைக் காலில் நிறுத்தியவரின் திறமை அவனுக்குத் தன் காலிலேயே தெரியும். அர்த்தநாரீசுவரர் முன்னால் மகளிடம் கைகளை எண்ணச் சொல்லுங்கள். மூன்று கைகள். ஆண் பக்கத்தில் இரண்டு, பெண் பக்கத்தில் ஒன்று. ஆடையும் அப்படியே ஒரு பக்கம் தொடையோடு நின்றுவிடுகிறது, மறுபக்கம் கணுக்கால்வரை இறங்குகிறது. முன்னாலிருந்து பார்ப்பதோடு நில்லாமல், முடிந்த அளவு பக்கவாட்டிலிருந்தும் பார்க்கச் செய்யுங்கள். ஒரு பக்கத்திலிருந்து ஓர் ஆணும் மறுபக்கத்திலிருந்து ஒரு பெண்ணும் தெரிவதைக் கண்டு பிள்ளைகள் இரண்டு மூன்று முறை மாறி மாறி ஓடிப்போய்ப் பார்ப்பார்கள்.

இங்கே உங்கள் மாமியார் கைகூப்பக்கூடும். இது கோயிலா என்று பையன் கேட்கவும்கூடும். அது நல்ல கேள்வி. பதிலுக்குப் பீடங்களைக் காட்டுங்கள். பல பீடங்களில் துளைகளோ வளையங்களோ இருக்கும். திருவிழாவில் சுவாமி வீதி உலா போகும்போது கழி செருகிக் கட்டித் தூக்குவதற்கானவை அவை. இவை கருவறையில் நிலையாக இருந்த சிலைகள் அல்ல, ஊரைச் சுற்றி வந்தவை. படையெடுப்பு அச்சம் வந்த காலங்களில் இப்படிப்பட்ட திருமேனிகளை மண்ணுக்குள் புதைத்துக் காப்பாற்றினார்கள். பல நூற்றாண்டு கழித்து ஏர் முனையிலும் கடப்பாரை முனையிலும் அவை மீண்டும் கிடைத்தன. புதையல் கதை என்றால் ஐந்து வயதும் கேட்கும், எழுபது வயதும் கேட்கும்.

நான்காவது, விலங்கியல் பகுதியில் உள்ள திமிங்கல எலும்புக்கூடு. இதற்கு அதிகம் சொல்ல வேண்டியதில்லை, அதன் அளவே பேசும். ஒன்றை மட்டும் செய்யச் சொல்லுங்கள். பிள்ளை தன் கையைத் தானே தடவிப் பார்க்கட்டும்: தோளுக்கும் முழங்கைக்கும் நடுவே ஓர் எலும்பு, முழங்கையிலிருந்து மணிக்கட்டுவரை இரண்டு எலும்புகள், அதன் பின் சின்னச் சின்ன எலும்புகள், விரல்கள். திமிங்கலத்தின் துடுப்புக்குள்ளும் இதே வரிசைதான். மீனின் துடுப்பில் இது கிடையாது. திமிங்கலம் மீன் இல்லை என்று பாடப்புத்தகம் சொல்வதைப் பிள்ளை தன் கையைத் தடவியே அறிந்துகொள்ளும்.

தெம்பு மிச்சமிருந்தால், அதுவும் மகளுக்கு மட்டும், தொல்லியல் பகுதியில் ஆதிச்சநல்லூர்ப் பொருள்களைக் காட்டலாம். தாமிரபரணிக் கரையில் உள்ள அந்த ஈமக்காட்டை அலெக்சாண்டர் ரீ 1899 முதல் சில ஆண்டுகள் அகழ்ந்தார். பெரிய பெரிய தாழிகளும் இரும்புக் கருவிகளும் பொன்னால் ஆன நெற்றிப்பட்டங்களும் அங்கே கிடைத்தன. மெல்லிய தகடான அந்தப் பட்டத்தின் இரு முனைகளிலும் நூல் கோத்துக் கட்டுவதற்குத் துளை உண்டு. இறந்தவர் நெற்றியில் அதை யார் கட்டியிருப்பார் என்ற கேள்வியைப் பத்து வயதுப் பிள்ளையிடம் கேட்கலாம், அவள் தாங்குவாள். பையன் சிணுங்க ஆரம்பித்துவிட்டால் இதை விட்டுவிடுங்கள், வருத்தமே வேண்டாம். பல்லாவரத்துக் கல்லை மட்டும் மறந்துவிடாதீர்கள். காலையில் சொன்ன வாக்கு அது. கற்கருவிகள் உள்ள பேழையின் முன்னால், தன் உள்ளங்கையைக் குவித்து, அந்தக் கற்கோடரியை எந்தப் பக்கம் பிடித்தால் வசதி என்று பையனைக் காட்டச் சொல்லுங்கள். அகன்ற அடிப்பகுதி உள்ளங்கையில், கூர்முனை வெளியே. எல்லாப் பிள்ளைகளும் அதைச் சரியாகவே காட்டுகிறார்கள்.

இனி நடைமுறை. வெள்ளிக்கிழமை விடுமுறை, மற்ற நாள்களில் காலை 9.30-க்குத் திறந்து மாலை 5 மணிக்கு மூடுகிறார்கள். திறக்கும் நேரத்துக்கே போய்விடுங்கள். வெயிலும் கூட்டமும் ஏறுவதற்கு முன்பு இரண்டரை மணி நேரம் உங்களுக்குக் கிடைக்கும். ஐந்து வயதுக் குழந்தைக்கு அதுவே எல்லை. கட்டடங்கள் தனித்தனியாக இருப்பதால் நடை உண்டு, படிகளும் உண்டு. ஆகவே மாமியாரை எல்லா இடத்துக்கும் அழைத்துப் போக வேண்டும் என்று நினைக்காதீர்கள். பொம்மைகளும் செப்புத் திருமேனிகளும் அவர் பார்க்க வேண்டியவை. மற்ற நேரத்தில் மர நிழலில் உட்கார்ந்திருக்கட்டும், பிள்ளைகள் ஒவ்வொரு கட்டடத்திலிருந்தும் திரும்பி வந்து, பார்த்ததை அவருக்குச் சொல்லட்டும். இது அவருக்காகச் செய்யும் ஏற்பாடு மட்டும் அல்ல. பார்த்ததை, பார்க்காத ஒருவருக்குச் சொல்ல வேண்டும் என்று வரும்போதுதான் பிள்ளைகளுக்குத் தாங்கள் எதைச் சரியாகப் பார்க்கவில்லை என்பது தெரிகிறது. என் மாணவர்கள் பலர் அப்படிப் பாதிச் சொல்லிவிட்டு மறுபடியும் உள்ளே ஓடியிருக்கிறார்கள். கூடங்களுக்குள் எதையும் உண்ணக் கொடுக்காதீர்கள்; புளியோதரையும் தண்ணீரும் கையில் இருந்தால் வெளியே வந்து சாப்பிட்டுக்கொள்ளலாம்.

வீட்டுக்கு வந்த பிறகு, அந்த வாரத்தில் ஒரு நாள் செய்வதற்கு ஒரு வேலை இருக்கிறது. செப்புத் திருமேனிகளை இன்றும் சுவாமிமலை ஸ்தபதிகள் வார்க்கும் முறை இதுதான்: முதலில் மெழுகில் உருவத்தைச் செய்து, அதன் மேல் காவிரி வண்டல் மண்ணைப் பூசிக் காயவைத்து, சூடாக்கி மெழுகை உருக்கி வெளியே விட்டு, அந்த வெற்றிடத்தில் உருகிய உலோகத்தை ஊற்றி, ஆறிய பின் மண்ணை உடைத்து எடுக்கிறார்கள். வீட்டில் மெழுகுவர்த்தியை வெந்நீரில் இளக்கி ஒரு சின்ன உருவத்தைப் பிள்ளைகளே செய்யட்டும். விநாயகர் சதுர்த்திக்கு வாங்குகிற களிமண்ணைத் தடிமனாகப் பூசி, ஓரிடத்தில் வாய் விட்டு, நிழலில் நன்றாகக் காயவையுங்கள். மெழுகை மிதமான சூட்டில் உருக்கி வடிக்கும் வேலையைப் பெரியவர்கள் மட்டுமே செய்ய வேண்டும். பிறகு உலோகத்துக்குப் பதிலாகப் பிளாஸ்டர் ஆஃப் பாரிஸைக் கரைத்து ஊற்றலாம். நாங்கள் வகுப்பில் முதல் முறை செய்தபோது உருவத்துக்குக் கைகளே வரவில்லை. உள்ளே அடைபட்ட காற்று போக வழி இல்லாததால் பிளாஸ்டர் கைவரைக்கும் இறங்கவில்லை. அடுத்த முறை இரண்டு கைகளின் நுனியிலும் மெல்லிய மெழுகுக் குச்சியை ஒட்டி, அது மண்ணைத் தாண்டி வெளியே வரும்படி விட்டோம். மெழுகு உருகியதும் அது காற்றுக்கு வழியானது, கைகள் வந்துவிட்டன. ஸ்தபதிகளும் மெழுகுக் குச்சிகளை அப்படித்தான் பொருத்துகிறார்கள். மண்ணை உடைக்கும் வேலையைப் பையனிடம் கொடுங்கள். உடைத்த பிறகு அதே அச்சில் இன்னொன்று செய்ய முடியுமா என்று அவனே கேட்பான்.